லேசர், ஃபைபர், கிறிஸ்டல்: பட்டறையிலும் கேபிள் வேலையிலும் ஒரே சொற்கள், ஒரே பொருள்தானா?

பென்னாகரம்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஷீட் மெட்டல் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். அங்கே இரண்டு லேசர் கட்டிங் மெஷின்கள், ஒன்று பழைய சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு லேசர்), இன்னொன்று ஃபைபர் லேசர். எம்எஸ் (சாதா இரும்பு), எஸ்எஸ் (ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்) தகடு எல்லாம் ஃபைபரில் போகிறது, அக்ரிலிக்கோ எம்டிஎஃப் பலகையோ வந்தால் மட்டும் சிஓடூவில் போடுகிறார்கள். நாசில் மாற்றுவது, ஃபோகஸ் பார்ப்பது, நைட்ரஜனா ஆக்சிஜனா என்று முடிவு செய்வது எல்லாம் பழகிக்கொண்டு வருகிறேன், அதில் சிக்கல் இல்லை. சர்வீஸ் இன்ஜினியர் வந்து சோர்ஸ், பம்ப் டையோடு, மோடு, கோர், பீம் குவாலிட்டி என்று பேச ஆரம்பித்தால்தான் பாதிக்கு மேல் பிடிபடுவதில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் இதே பேச்சு. அண்ணன் பாலக்கோடு பக்கம் இன்டர்நெட் கேபிள் வேலை பார்க்கிறான், கோர், சிங்கிள் மோடு, லாஸ், ஸ்ப்ளைஸ் என்று அவனும் சொல்கிறான். அவன் சொல்லும் ஃபைபரும் எங்கள் மெஷினில் இருக்கும் ஃபைபரும் ஒன்றுதானா? ஒன்று என்றால் சிஓடூ மெஷினில் மட்டும் ஏன் ஃபைபர் போடாமல் கண்ணாடி வைத்து ஒளியைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்? பட்டறையில் ஓரமாக ஒரு பழைய மார்க்கிங் மெஷின் கிடக்கிறது, அதன் புத்தகத்தில் யாக் கிறிஸ்டல் என்று போட்டிருக்கிறது, அது எதற்கு? கிருஷ்ணகிரியில் கிரானைட் பாலிஷ் வேலையில் இருக்கும் சித்தப்பா, கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸும் ஃபைபர் கண்ணாடியும் ஒரே சரக்குதான் என்கிறார். அது சரியா?

தமிழில் தேடினால் லேசர் கண் அறுவை சிகிச்சை பற்றித்தான் வருகிறது. அடிப்படையிலிருந்து யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓசூர்_சர்வீஸ்

தம்பி, நான் ஓசூர், பெங்களூரு பக்கம் லேசர் மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன். நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாமே அலைநீளம் என்ற ஓரிடத்தில்தான் போய் முட்டுகின்றன, அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையில் வந்துவிடும். உங்கள் ஃபைபர் மெஷினின் ஒளி சுமார் 1070 நானோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு மைக்ரான். சிஓடூவின் ஒளி 10.6 மைக்ரான், பத்து மடங்கு நீளம். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தகட்டின் மேல் தெரிகிற சிவப்புப் புள்ளி வெட்டுகிற ஒளி இல்லை, குறி பார்ப்பதற்காகக் கூடவே அனுப்பும் சின்ன டையோடு லேசர்.

எந்த லேசராக இருந்தாலும் உள்ளே மூன்று விஷயம் இருக்கும். ஒளியைப் பெருக்கிக் கொடுக்கும் ஊடகம், அந்த ஊடகத்துக்கு சக்தி ஏற்றும் பம்ப், ஒளியை எதிரொளித்து முன்னும் பின்னும் ஓடவிடும் இரண்டு கண்ணாடிகள். அந்தக் கண்ணாடி ஜோடிக்குத்தான் ரெசனேட்டர் என்று பெயர். பம்ப் கொடுக்கும் சக்தியில் அணுக்கள் மேல் நிலைக்கு ஏறுகின்றன. சும்மா விட்டால் தன்பாட்டுக்கு ஒளியை விட்டுவிட்டு இறங்கிவிடும், அந்த ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். ஆனால் மேலே இருக்கும் அணுவை சரியான அலைநீளம் உள்ள ஓர் ஒளித்துகள் கடந்து போனால், அந்த அணு அதே அலைநீளத்தில், அதே திசையில், அலையின் ஏற்ற இறக்கம்கூட அப்படியே ஒத்துப்போகும்படி இன்னொரு ஒளித்துகளை விடுகிறது. இதுதான் தூண்டப்பட்ட உமிழ்வு, ஐன்ஸ்டைன் 1917-லேயே கணக்குப் போட்டுச் சொன்னது. கீழே இருப்பதைவிட மேலே அதிக அணுக்கள் இருந்தால்தான் ஒளி பெருகும், இல்லாவிட்டால் பெருகுவதைவிட உறிஞ்சப்படுவதுதான் அதிகமாக இருக்கும். அந்த நிலையைத்தான் பாப்புலேஷன் இன்வர்ஷன் என்கிறார்கள். ஒரு பக்கக் கண்ணாடி கொஞ்சம் ஒளியை வெளியே விடும்படி செய்திருப்பார்கள், அதன் வழியாக வருவதுதான் நம் பீம்.

இப்போது உங்கள் இரண்டு மெஷினையும் பாருங்கள். சிஓடூவில் ஊடகம் வாயு: கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் கலவை. மின்சாரம் பாய்ச்சும்போது நைட்ரஜன் அந்த சக்தியை வாங்கிக் கார்பன் டை ஆக்சைடுக்குக் கொடுக்கிறது, அதுதான் லேசர் ஒளியை விடுகிறது. 1964-ல் பெல் ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டிய குமார் படேல் மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்தவர், இது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன். ஃபைபர் லேசரில் ஊடகமே கண்ணாடி இழைதான். அதன் கோரில் இட்டெர்பியம் என்ற தனிமம் கலந்திருக்கும். 915 அல்லது 976 நானோமீட்டர் டையோடுகளிலிருந்து வரும் ஒளியை அதற்குள் ஏற்றுகிறார்கள், அவைதான் பம்ப் டையோடுகள். ரெசனேட்டர் கண்ணாடியும் தனியாக இல்லை. இழைக்குள்ளேயே ஒளிவிலகல் எண்ணைக் கூட்டிக் குறைத்து எழுதிய கிரேட்டிங் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இதையெல்லாம் அடக்கிய பெட்டிக்குத்தான் சோர்ஸ் என்று பெயர், அதிலிருந்து கட்டிங் ஹெட் வரை வரும் தடித்த மஞ்சள் அல்லது கருப்புக் குழாய்க்குள் இருப்பது ஒளியைக் கொண்டுவரும் இழை மட்டுமே. பவர் திடீரென்று ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றால் பம்ப் மாட்யூலில் ஒன்று போயிருக்கலாம் என்று நாங்கள் சந்தேகப்படுவது இதனால்தான்.

சிஓடூவுக்கு ஏன் ஃபைபர் இல்லை? சிலிக்கா கண்ணாடி பத்து மைக்ரான் ஒளியை விழுங்கிவிடும். சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பு அதிரும் வேகமும் அந்த ஒளியின் அதிர்வெண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஒளி முழுவதும் சூடாக மாறிவிடுகிறது, இழை கருகிவிடும். அதனால்தான் கண்ணாடி வைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள், லென்ஸும் ஜிங்க் செலினைடில் செய்கிறார்கள், மஞ்சளாக இருக்குமே அதுதான். அது உடைந்தாலோ கருகினாலோ வெறுங்கையால் தொடாதீர்கள், தூளை ஊதாதீர்கள், அதில் செலினியம் இருக்கிறது. அக்ரிலிக் கதை இதற்கு நேர் எதிர். தெளிவான அக்ரிலிக் ஒரு மைக்ரான் ஒளியை அப்படியே கடந்து போக விட்டுவிடும், 10.6 மைக்ரானை மேல் பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்ளும். உலோகம் ஒரு மைக்ரான் ஒளியைத்தான் நன்றாக வாங்கிக்கொள்ளும். உங்கள் பட்டறையில் எதை எந்த மெஷினில் போடுகிறார்கள் என்பது இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

பீம் குவாலிட்டி என்பது ஒளியை எவ்வளவு சின்னப் புள்ளியாகக் குவிக்க முடியும், குவித்த பிறகு எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதன் அளவு. ஹெட்டுக்கு வரும் இழையின் கோர் 50 மைக்ரான் என்றால் புள்ளி சின்னது, மெல்லிய தகட்டில் பறக்கும். 100 மைக்ரான் என்றால் புள்ளி பெரியது, கனத் தகட்டில் வெட்டு வாய் அகலமாக இருப்பதால் உருகியது கீழே வடிய வசதி. கோர், மோடு பற்றி கேபிள் வேலை செய்கிறவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

இழை_அக்கா

தம்பி, நான் காரிமங்கலம், ஸ்ப்ளைசிங், அதாவது இழை முனைகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலை பல வருடமாகச் செய்கிறேன். உங்கள் அண்ணன் கையில் பிடிக்கும் இழையும் உங்கள் மெஷின் இழையும் ஒரே குடும்பம்தான், இரண்டும் சிலிக்கா கண்ணாடி. அளவும் வேலையும்தான் வேறு.

நடுவில் கோர், அதைச் சுற்றி கிளாடிங், அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு. நாங்கள் வீட்டுக்கு இழுக்கும் சிங்கிள் மோடில் கோர் சுமார் 9 மைக்ரான், கிளாடிங் 125 மைக்ரான், பூச்சோடு 250 மைக்ரான். கோரில் கொஞ்சம் ஜெர்மானியம் கலந்து அதன் ஒளிவிலகல் எண்ணைக் கிளாடிங்கைவிட ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கூட்டியிருப்பார்கள், அது போதும், சாய்வாகப் போகும் ஒளி எல்லையில் பட்டு முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். முழு அக எதிரொளிப்பு என்று பத்தாவது பன்னிரண்டாவதில் படித்தது இதுதான். அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது, ஆனாலும் இணையம் மொத்தமும் அதன்மேல்தான் ஓடுகிறது. இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், வெளியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு.

மோடு என்றால் ஒளி அந்தக் கோருக்குள் பரவக்கூடிய வடிவம். கோர் பெரிதாக இருந்தால் பல வடிவங்களில் போகும், ஒவ்வொன்றும் சேருமிடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும், தகவல் குழம்பிவிடும். அது மல்டி மோடு, கோர் 50 அல்லது 62.5 மைக்ரான், ஒரே கட்டடத்துக்குள் போடுவது. கோர் சின்னதாக இருந்தால் ஒரே வடிவம்தான் நுழையும், பல கிலோமீட்டர் சுத்தமாகப் போகும். பலர் இதை இழையின் குணம் என்று மட்டும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மேலே ஓசூர்க்காரர் சொன்ன அலைநீளம் இங்கேயும் வருகிறது. நாங்கள் போடும் இழை 1310, 1550 நானோமீட்டர் ஒளிக்கு சிங்கிள் மோடு. அதே இழையில் உங்கள் அண்ணன் உடைப்பு தேட விடும் சிவப்பு லைட் பேனா 650 நானோமீட்டர், அந்த ஒளிக்கு அந்த இழை மல்டி மோடுதான்.

அடுத்தது லாஸ், அதாவது வழியில் ஒளி குறைவது. இதை டெசிபெல்லில் சொல்வார்கள், 3 டெசிபெல் போனால் பாதி ஒளி போயிற்று, 10 போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம், 20 போனால் நூறில் ஒன்று. இழையில் 1550-ல் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல், 1310-ல் சுமார் 0.35. அலைநீளம் குறையக் குறையக் கண்ணாடிக்குள் ஒளி அதிகம் சிதறுகிறது, அதனால்தான் 1310-ல் கூடுதல். 1550-க்கு மேலே ரொம்ப தூரம் போனாலும் ஆகாது, கண்ணாடியே உறிஞ்ச ஆரம்பித்துவிடும். 1966-ல் சார்லஸ் காவ் கண்ணாடியில் உள்ள அசுத்தத்தை நீக்கினால் லாஸை ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குக் கீழே கொண்டுவரலாம் என்று எழுதினார், 1970-ல் கார்னிங் நிறுவனம் அதைச் செய்து காட்டியது, 2009-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதற்கும் முன்னால் 1954-லேயே கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாப் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி.

ஸ்ப்ளைஸ் செய்யும்போது இழையை வெட்டுவதில்லை, பிளக்கிறோம். கிளீவரின் கத்தி மேலே ஒரு சின்னக் கீறல்தான் போடும், இழுவிசையில் அது நேராகப் பிளந்துவிடும். கிருஷ்ணகிரி குவாரியில் வரிசையாகத் துளை போட்டு ஆப்பு அடித்துக் கல்லைப் பிளப்பதும் இதே வழிதான். முகம் சாய்வாகப் பிளந்திருந்தால் எந்த ஸ்ப்ளைசிங் மெஷினாலும் நல்ல இணைப்பு கொடுக்க முடியாது. ஒழுங்காகச் செய்தால் ஒரு இணைப்பில் 0.05 டெசிபெல்லுக்குள் நிற்கும். வெட்டிய துண்டுகளை ஒரு பாட்டிலில் போடச் சொல்லுங்கள் அண்ணனிடம், காலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, எடுக்கவும் முடியாது, வீட்டில் குழந்தைகள் இருக்கும்.

இன்னொன்று வளைவு. இழையை இறுக்கி வளைத்தால் ஒளி கிளாடிங் வழியாக வெளியே போய்விடும், அதிலும் 1550 ஒளிதான் 1310-ஐவிட வேகமாகத் தப்பிக்கும். ஒடிடிஆர், அதாவது இழையில் எந்தத் தூரத்தில் எவ்வளவு ஒளி போகிறது என்று காட்டும் கருவி வைத்து இரண்டிலும் பாருங்கள். 1550-ல் மட்டும் பெரிய இறக்கம் என்றால் எங்கோ கேபிளை மடக்கிக் கட்டியிருக்கிறார்கள், இரண்டிலும் ஒரே அளவு என்றால் ஸ்ப்ளைஸைப் பார்க்க வேண்டும். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

தருமபுரி_இயற்பியல்

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். கிறிஸ்டல் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சித்தப்பா சொன்னது. கிரானைட்டில் இருப்பது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா. அந்த குவார்ட்ஸும் ஃபைபர் கண்ணாடியும் வேதியியலில் ஒரே பொருள், சிலிக்கான் டை ஆக்சைடு, அந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் குவார்ட்ஸில் அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கி, அந்த அடுக்கு எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப வரும். அதுதான் கிறிஸ்டல், படிகம். ஃபைபரில் இருப்பது அதே அணுக்கள், ஆனால் தூரம் போகப் போக ஒழுங்கு கிடையாது, அது கண்ணாடி. ஒழுங்கு இருப்பதால் குவார்ட்ஸுக்குத் திசை உண்டு. அதற்குள் போகும் ஒளி, அதிரும் திசையைப் பொறுத்து 1.544 அல்லது 1.553 என்ற இரண்டு ஒளிவிலகல் எண்களைப் பார்க்கும். இதை இரட்டை ஒளிவிலகல் என்கிறோம். கால்சைட் படிகத்தில் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது, எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். கண்ணாடிக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். ஒழுங்கு இல்லாததால் சூடாக்கினால் அது கொஞ்சம் கொஞ்சமாக இளகும், அதனால்தான் அதை நீளமாக இழுத்து இழையாக்க முடிகிறது. படிகத்தை அப்படிக் கிலோமீட்டர் கணக்கில் இழுக்க முடியாது.

அடுத்து லேசரில் படிகம் எதற்கு. உலகத்தின் முதல் லேசரே படிக லேசர்தான். 1960 மே 16-ல் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் ஒரு ரூபி தண்டைச் சுற்றி ஃபிளாஷ் விளக்கு வைத்து 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியை எடுத்தார். ரூபி என்பது அலுமினியம் ஆக்சைடு படிகம், அதில் மிகச் சிறிதளவு குரோமியம். ஒளி விடுவது குரோமியம், அதை ஒழுங்காகத் தாங்கி நிற்பது படிகம். இப்படி வேறு அணுவைக் கொஞ்சமாகக் கலப்பதற்கு டோப்பிங் என்று பெயர், தாங்கும் பொருள் ஹோஸ்ட். உங்கள் பழைய மார்க்கிங் மெஷினில் இருக்கும் யாக் என்பது இட்ரியம் அலுமினியம் கார்னெட், அதில் இட்ரியம் இருக்க வேண்டிய இடங்களில் சுமார் நூற்றுக்கு ஒன்றில் நியோடிமியம் உட்கார்ந்திருக்கும். ஒளி 1064 நானோமீட்டர். ஹோஸ்ட் மாறினால் அதே நியோடிமியத்தின் அலைநீளம்கூடக் கொஞ்சம் நகரும், சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் அதன் ஆற்றல் நிலைகளைத் தள்ளிவிடுவதால்.

வெப்பம்தான் இங்கே பெரிய விஷயம். பம்ப் செய்யும் சக்தியில் ஒரு பகுதி எப்போதும் சூடாகத்தான் போகும். யாக் படிகம் கண்ணாடியைவிடச் சுமார் பத்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும், அதனால்தான் கட்டையான தண்டில் படிகம் வைத்தார்கள். அப்படியிருந்தும் பவர் கூட்டினால் தண்டின் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சூடாகி, தண்டே ஒரு லென்ஸாக மாறிப் பீமைக் கெடுத்துவிடும். ஃபைபர் லேசர் இந்தச் சிக்கலைத் தாண்டியது பொருளை மாற்றி அல்ல, வடிவத்தை மாற்றி. முடிபோல் மெல்லிய இழை பல மீட்டர் நீளத்துக்குச் சுருட்டிக் கிடக்கும்போது கன அளவுக்கு எதிராகப் பரப்பு மிக அதிகம், சூடு சுலபமாக வெளியேறிவிடும். கண்ணாடி வெப்பத்தை மோசமாகக் கடத்தினாலும் வேலை நடப்பது அதனால்தான்.

படிகத்தின் இன்னொரு பெரிய வேலை ஒளியின் நிறத்தை மாற்றுவது. 1961-ல் ரூபி ஒளியைக் குவார்ட்ஸ் வழியாக விட்டு, பாதி அலைநீளத்தில் புற ஊதா ஒளியை எடுத்தார்கள். கூட்டத்தில் காட்டப் பயன்படும் பச்சை லேசர் பேனாவுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. 808 நானோமீட்டர் டையோடு ஒரு சின்ன நியோடிமியம் படிகத்தைப் பம்ப் செய்ய, 1064 வருகிறது, அதன் அதிர்வெண் கேடிபி என்ற படிகத்தில் இரட்டிப்பாகி, அலைநீளம் பாதியாகி, 532 பச்சையாக வெளியே வருகிறது. இந்த வேலை கண்ணாடியில் சாதாரணமாக நடக்காது. அடுக்கில் ஒரு பக்கமும் எதிர்ப் பக்கமும் வேறாக இருக்கும் படிகம்தான் வேண்டும்.

இவை மண்ணுக்குள் தோண்டி எடுப்பவை அல்ல, வளர்ப்பவை. யாக்கை உருக்கி, அதில் ஒரு விதைப் படிகத்தைத் தொட்டுச் சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுப்பார்கள், சோக்ரால்ஸ்கி முறை என்று பெயர், சிலிக்கான் தண்டும் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. டிப்ளமோவுக்கு மேல் படிக்கும் எண்ணம் இருந்தால் இந்தத் துறையைக் கட்டாயம் பாருங்கள் தம்பி, மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு உலை, வெப்பநிலைக் கட்டுப்பாடு, இழுவை இயந்திரம் என்று நிறைய வேலை உண்டு.

ஓசூர் நண்பர் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். லேசர் ஒளி ஒரே அலைநீளம் என்பது பாடப்புத்தக வார்த்தை. உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அகலம் உண்டு. அது எவ்வளவு குறுகலோ அவ்வளவு தூரத்துக்கு அலைகள் ஒத்துப்போகும், அந்தத் தூரத்துக்குத்தான் கொஹரன்ஸ் நீளம் என்று பெயர். தகடு வெட்ட அது முக்கியமில்லை, அளவெடுக்கும் கருவிகளுக்கு அதுதான் உயிர்.

கருங்கல்_எழுத்து

கிருஷ்ணகிரியில் கல்லில் படமும் பெயரும் பொறிக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வேலைக்கும் இது அப்படியே பொருந்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் வைத்திருப்பது சிஓடூ மெஷின்தான். பாலிஷ் செய்த கருப்புக் கல்லில் அந்த ஒளி பட்டதும் மேல் பரப்பில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன, அந்த இடம் வெளிறிய சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது, புகைப்படம் அப்படித்தான் தெரிகிறது. இங்கே கிடைக்கும் பாரடைசோ போன்ற பல நிறக் கல்லில் அதே படத்தைப் போட்டால் எடுபடாது, கல்லே பல நிறமாக இருப்பதால் வெளிறிய புள்ளி கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை. கல் கறுப்பாக, மணி நுண்ணியதாக, பாலிஷ் முகம் பார்க்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஃபைபர் மார்க்கிங் மெஷின் வாங்கலாமா என்று கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். உலோகத் தகடு எழுத அது, கல்லுக்கு சிஓடூ என்று சொல்லி அனுப்புகிறேன். சிலிக்கா பத்து மைக்ரானை விழுங்கும் என்று மேலே எழுதியிருக்கிறாரே, கல்லில் எங்களுக்கு அதுதான் வேலை செய்து கொடுக்கிறது.

அரூர் பக்கம் மாலிப்டினம் தாது இருப்பதாகப் புவியியல் துறை கண்டறிந்ததைப் படித்திருப்பீர்கள். எங்கள் மெஷினில் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளில் ஒருவகை மாலிப்டினம் தகடுதான், மேலே பூச்சு எதுவும் இல்லாமல் பாலிஷ் மட்டும் செய்தது. துடைத்துத் துடைத்தும் கீறல் விழாது.

பென்னாகரம்_தம்பி

எல்லோருக்கும் நன்றி. மெஷின் முன்னால் நின்று பார்க்கும்போது இப்போதுதான் எது எதற்கு இருக்கிறது என்று தெரிகிறது. இன்னும் இரண்டு கேள்வி. பட்டறையில் ஒரே ஒரு பச்சைக் கண்ணாடி மூக்குக்கண்ணாடி இருக்கிறது, எந்த மெஷினுக்கும் அதையே போட்டுக்கொள்கிறார்கள், சரியா? இன்னொன்று அண்ணன் கேட்கச் சொன்னது: ஒரு வீட்டில் பவர் மீட்டர் மைனஸ் 26 காட்டுகிறது, லைன் விட்டு விட்டு வருகிறது, எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

ஓசூர்_சர்வீஸ்

சரியில்லை தம்பி, இதைத் தள்ளிப்போடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அதன் மேலேயே எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுக்கும் என்று பொறித்திருக்கும். ஓடி 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 1064-ஐயோ 1070-ஐயோ உள்ளடக்கிய வரம்பு இருந்தால் ஃபைபர் மெஷினுக்கு ஆகும், 10600 இருந்தால் சிஓடூவுக்கு. எழுத்தே இல்லாத கண்ணாடியை வெயில் கண்ணாடி என்று நினைத்து ஒதுக்கிவிடுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சிஓடூ ஒளியைக் கண்ணின் முன் பகுதியே உறிஞ்சிவிடும், விழிவெண்படலம் சுடும். ஒரு மைக்ரான் ஒளி விழிக்குள் புகுந்து, கண்ணின் லென்ஸே அதை விழித்திரையில் குவித்துக் கொடுத்துவிடும். வலி தெரியாது, ஒளியும் தெரியாது, பார்வையில் ஒரு புள்ளி போன பிறகுதான் தெரியும். தகட்டில் பட்டுத் தெறிப்பதே போதும், பித்தளை, செம்பு, அலுமினியம் போடும்போது இன்னும் கவனம். வெறும் அக்ரிலிக் கதவு சிஓடூவின் சிதறலைத் தடுக்கும், ஃபைபருக்கு அது இருந்தும் இல்லாததும் ஒன்று. அதனால் ஃபைபர் மெஷினின் பார்வை ஜன்னல் உடைந்தால் உள்ளூர்க் கடையில் அக்ரிலிக் வெட்டிப் போடாதீர்கள், மெஷின் கொடுத்தவர்களிடம் அந்த அலைநீளத்துக்கான ஜன்னலையே கேட்டு வாங்குங்கள். லேசர் ஆபத்து வகைகளில் வெட்டும் சோர்ஸ் கிளாஸ் 4, அதாவது மிக ஆபத்தானது, மூடிய பெட்டிக்குள் இருக்கும்வரைதான் மொத்த மெஷின் கிளாஸ் 1, அதாவது பாதுகாப்பானது. கதவு சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டிவைத்து ஓட்டச் சொன்னால், யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இழை_அக்கா

அண்ணனுக்கு: மைனஸ் 26 என்றால் ரொம்பக் கீழே. பூஜ்யம் என்பது ஒரு மில்லிவாட், மைனஸ் 27 என்பது ஒரு மில்லிவாட்டில் ஐநூறில் ஒரு பங்கு, நாங்கள் போடும் மோடமில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் எல்லை. ஓஎல்டியிலிருந்து, அதாவது இணைய நிறுவனத்தின் பக்கம் ஒளியை அனுப்பும் கருவியிலிருந்து, பிளஸ் 3-ல் கிளம்புகிறது, வழியில் ஒளியை எட்டாகப் பிரிக்கும் இரண்டு 1:8 ஸ்ப்ளிட்டர், ஒவ்வொன்றும் சுமார் 10.5 டெசிபெல் சாப்பிடும், ஐந்து கிலோமீட்டர் இழைக்கு ஒன்று ஒன்றரை, கனெக்டர்களுக்குக் கொஞ்சம். மைனஸ் 20, 21-ல் வந்து நிற்க வேண்டியது. அதிகப்படியாக ஐந்து, ஆறு எங்கோ போகிறது.

மீட்டரில் 1490 செட் செய்திருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும், வேறு அலைநீளத்தில் வைத்துப் படித்தால் எண் நகரும். அப்புறம் மோடம் பக்கத்து கனெக்டரைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டட்டும். பச்சைத் தலை கனெக்டர் எட்டு டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலத் தலை நேராகத் தீட்டியது. யாராவது பச்சையை நீலத்தோடு மாட்டியிருந்தால் இடையில் காற்று இடைவெளி விழுந்து சில டெசிபெல் அங்கேயே போய்விடும், முகமும் கெடும். அதுவும் சரியாக இருந்தால் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜன்னல் சட்டத்தில் கேபிள் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு கம்பத்துப் பெட்டியில் ஸ்ப்ளிட்டர் போர்ட்டிலேயே மீட்டரை வைத்துப் படிக்கட்டும். அங்கே மைனஸ் 20 வந்தால் தவறு வீட்டு டிராப் கேபிளில், அங்கேயே மைனஸ் 25 என்றால் பெட்டிக்கு முன்னால்.

இதைச் செய்யும்போது இழை முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம், லென்ஸ் வைத்துப் பார்க்கவே வேண்டாம். 1490-ம் 1550-ம் கண்ணுக்குத் தெரியாது, கேபிள் டிவிக்கு ஆம்ப்ளிஃபையர் வைத்து 1550 அனுப்பும் லைன் என்றால் ஆம்ப்ளிஃபையர் பக்கத்து முனையில் 100 மில்லிவாட் வரைக்கும் இருக்கலாம். லைட் வருகிறதா என்று தெரிந்துகொள்ள மீட்டர் மட்டும்.